ஏழாவது நீர்நாய் எதைப் பார்க்கிறது?

நம் படச் சட்டகக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். போன வாரம் நான் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கணினியில் ஒரு மரநாய்ப் படத்தைத் திறந்து, வலப்பக்கம் கிடந்த உரச்சாக்கை வெட்டி எடுத்தார். இரண்டு சொடுக்கு. சாக்கு போய்விட்டது. சத்தமே இல்லை. நான் விளக்கு, மின்விசிறி, பசைப் புட்டியின் மூடி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்த உரச்சாக்கு என்னை விடவில்லை.

சட்டகத்துக்கு மெர்பாவ் மரக் கட்டையை ரம்பத்தில் வைக்கும்போது உங்களுக்குப் பயம் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை அளக்கிறீர்கள், மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள். அந்த மரம் அவ்வளவு கடினம். ஒரு நூல் தவறினால் மூலை சேராது. படத்தை வெட்டும்போது உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. எனக்கும் இருந்ததில்லை. இந்திராணி கடைக்கு வந்த நாள் வரை.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ரந்தாவ் ஊரிலிருந்து உள்ளே போகும் செம்பனை எண்ணெய்த் தோட்டம் ஒன்றில், ஆற்றங்கரையில் ஒரு பம்பு வீடு இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை இழுத்து நாற்றுமேடைக்கு அனுப்பும் இடம். அதற்கு எதிர்க்கரையில் மணல் திட்டு. காலையில் அங்கே நீர்நாய்கள் வரும் என்று கேள்விப்பட்டு நான் கேமராவோடு போக ஆரம்பித்தேன். பம்பு வீட்டைப் பார்த்துக்கொண்டவர் மணியம் என்பவர். நாற்பது வயதைத் தாண்டியவர், எண்ணெய்க் கறை படிந்த துணி ஒன்று எப்போதும் தோளில் கிடக்கும். நல்ல மனிதர். ஆனால் வனவிலங்குப் படம் எடுப்பவனுக்கு அவரைப்போல ஒரு தொல்லை கிடையாது. சீட்டி அடிப்பார். பாடுவார். நான் புதருக்குள் முதுகு ஒடியக் குனிந்திருக்கும்போது அக்கரையிலிருந்து உரக்கக் கூப்பிடுவார்.

“சார்! இன்னிக்கு ஏழும் வந்திருக்கு லா! எண்ணிட்டீங்களா?”

எண்ணாமல் இருப்பேனா? எண்ணாவிட்டால் எனக்கு எந்த இடத்திலும் நிம்மதி கிடையாது.

“கத்தாதீங்க மணியம், ஓடிடப் போகுது!”

“அதுங்க எங்க சார் ஓடும்? நான் சத்தம் போடாட்டிதான் அதுங்களுக்குச் சந்தேகம் வரும். என்னையும் ஒண்ணு புடிங்க சார். நானும் காட்டு விலங்குதான், என் வீட்ல கேட்டுப் பாருங்க.”

அன்று கிடைத்தது என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று. மணல் திட்டில் ஏழு நீர்நாய்கள், ஈர முடியில் இளவெயில். ஆறு என் பக்கம் பார்க்கின்றன. இடக்கோடியில் இருந்த ஏழாவது, பின்னங்கால்களில் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி இடப்பக்கம் பார்க்கிறது. அந்த இடப்பக்க ஓரத்தில், ஆறு வளையும் இடத்தில், பம்பு வீட்டு வாசலில் மணியம் நின்றுகொண்டு அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நான் மணியத்தை வெட்டி எடுத்துவிட்டேன். வனவிலங்குப் படத்தில் தோளில் துணி போட்ட மனிதருக்கு என்ன வேலை? ஏழு நீர்நாய்களையும் பெரிதாக்கி, மெர்பாவ் சட்டகம் செய்து, கடையின் எதிர்ச் சுவரில் மாட்டினேன். எல்லாரும் நின்று பார்த்தார்கள். சிலர் மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “அந்த ஓரத்துல நிக்கிறது எதப் பாக்குது?” மீனைப் பார்க்கிறது என்று சொல்லி வைத்தேன்.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்தது. பம்பின் மோட்டாரைத் தண்ணீர் தொடாத உயரத்துக்கு ஏற்றி வைக்கப் போன மணியம் திரும்பவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் பாலத்தின் காலில் மாட்டிக் கிடந்தது. மழைக்கோட்டு இன்னும் கீழே ஒரு வேரில் கிடைத்தது. தீயணைப்புப் படகுகள் கழிமுகத்துச் சதுப்புக் காடு வரை போய்த் தேடின. ஆள் கிடைக்கவில்லை. தேடுதலை நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. போனவர் போனவர்தான் என்றார்கள் சிலர். எங்காவது கரையேறி, அடிபட்டு, நினைவு தப்பி ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கலாம் என்றார்கள் சிலர். இரண்டாவதாகச் சொன்னவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் அவருடைய மனைவி மட்டும் மிச்சம்.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அவர் கடைக்கு வந்தார். வேலைக்குப் போகும் சட்டையிலேயே இருந்தார். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. பெயர் இந்திராணி, மணியத்தின் வீட்டுக்காரி என்று சொன்னார். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நேராக எதிர்ச் சுவருக்குப் போய் அந்த நீர்நாய்ப் படத்தின் முன்னால் நின்றார்.

“இதுதானேய்யா அது? நானும் இருக்கேன், நானும் இருக்கேன்னு சொல்லிட்டு இருந்தாரு.”

நான் மேசையை விட்டு எழுந்தேன். அதற்குள் அவர் ஏழாவது நீர்நாயின் முகத்தருகே விரலை வைத்து, அதன் பார்வை போகும் திசையில் கண்ணாடி மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். விரல் படத்தின் ஓரத்தைக் கடந்தது, சுற்றியிருந்த அட்டையைக் கடந்தது, மெர்பாவ் மரத்தில் ஏறியது, சட்டகத்தின் வெளிவிளிம்பையும் தாண்டி வெறும் சுவரில் போய் நின்றது.

“இங்க நிக்கிறாரு” என்றார்.

நான் கணினியைத் திறந்து வெட்டாத படத்தைக் காட்டினேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். “துணியப் பாருங்க, துவைக்கவே விடமாட்டாரு” என்றார். பிறகு, “இத முழுசா எனக்குப் போட்டுக் குடுங்கய்யா. வாசலுக்கு நேரா மாட்டணும். வந்ததும் அவரு பாக்கட்டும்.”

மனிதர் படம் யார் கொண்டு வந்தாலும் நம் கடையில் முதலில் என்ன கேட்போம் என்று உங்களுக்குத் தெரியும். மாலைக்கா, சுவருக்கா? மாலைக்கு என்றால் இறந்தவர். மேல் விளிம்பில், இரண்டு மூலையிலும், இரண்டு பித்தளைத் திருகு கொக்கி வைக்க வேண்டும். சுவருக்கு என்றால் உயிரோடு இருப்பவர். கொக்கி வைத்துக் கொடுத்தால் அடிக்க வருவார்கள். அன்று அந்தக் கேள்வி என் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவர் மரத் துண்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே வந்தவர் மணியத்தின் அண்ணன் சிவலிங்கம். வேன் ஓட்டிப் பிழைப்பவர், அன்பானவர்தான். இந்திராணியைப் பார்த்ததும் தயங்கினார். பிறகு என்னிடம் வந்து, “சார், தம்பி படம் உங்ககிட்ட இருக்குன்னாங்க” என்று ஆரம்பித்தார். திரையிலேயே அது திறந்திருந்தது. குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

“நல்லாருக்கு சார். நீர்நாய எல்லாம் எடுத்துடுங்க. அவன மட்டும் பெருசாக்கி, பின்னால நீலக் கலர் போட்டுடுங்க. மாலைக்கு. வெள்ளிக்கிழம காரியம் வச்சிருக்கோம்.”

“யாரக் கேட்டு வச்சீங்க மாமா?”

இந்திராணியின் குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

“இந்திரா, எத்தன மாசம்மா ஆச்சு? உடம்பு கெடைக்கலன்னா ஆளு இருக்கான்னு அர்த்தமா?”

“இல்லன்னும் அர்த்தம் இல்ல மாமா.”

“அவனுக்குக் காரியம் செய்யாம நான் எப்படி என் மகளுக்கு நிச்சயம் பண்ணுவேன்? சம்பந்தி வீட்ல கேக்குறாங்க. சித்தப்பன் இருக்காரா, இல்லையான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லுவேன்?”

“தெரியலன்னு சொல்லுங்க.”

“அப்படி ஒரு பதில் உண்டா லா உலகத்துல?”

“எனக்குத் தினமும் அதான மாமா பதில்? வெள்ளிக்கிழம நீங்க பூவப் போட்டுட்டுப் போயிடுவீங்க. அடுத்தது என் கழுத்துக்குத்தான வருவீங்க?”

சிவலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தம்பியின் ஆன்மா போக்கிடம் இல்லாமல் அலைகிறது என்று உண்மையாகவே நம்பினார். இரண்டு பேரும் சொல்வது சரியாக இருக்கும் இடத்தில் நடுவில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நீங்களும் ஒரு நாள் பார்ப்பீர்கள்.

“சார், நீங்க படிச்சவரு, பெரியவரு. நீங்களே சொல்லுங்க லா” என்றார் அவர்.

இந்திராணியும் என்னைப் பார்த்தார். மாலைக்கு என்று நான் ஒப்புக்கொண்டால் மணியம் இறந்தவர். சுவருக்கு என்று சொன்னால் அண்ணனை ஊர் முன்னால் பொய்யர் ஆக்குகிறேன். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். சுவரில் தொங்கிய மாதிரிக் கட்டைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். அதே பதினொன்று. வேறு வழி இல்லை, பேசத்தான் வேண்டும்.

“அவரு இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது இந்தப் படம். இதுல ஏழு நீர்நாயும் ஒரு ஆளும் இருக்காங்க. ஒரு தடவ ஆள வெட்டிட்டு நீர்நாய மாட்டினேன். இப்ப நீர்நாய வெட்டிட்டு ஆளத் தரச் சொல்றீங்க. இன்னொரு தடவ நான் வெட்ட மாட்டேன். முழுசா வேணும்னா செஞ்சு தர்றேன்.”

“சரி, முழுசாவே குடுங்க. கொக்கி வச்சுக் குடுங்க.”

“பிராணிப் படத்துக்குக் கொக்கி வைக்கிற வழக்கம் இல்ல.”

“அப்ப பூ எங்க சார் போடறது?”

“போடறதா வேணாமான்னு அந்த வீட்ல இருக்கறவங்க சொல்லட்டும்.”

“நல்லாருக்கு சார் உங்க நியாயம்!” சிவலிங்கம் வேன் சாவியை மேசையிலிருந்து பறித்தார். “மனுசன் போயிட்டான். நீங்க நீர்நாய எண்ணிட்டு இருங்க.”

வேன் போன பிறகு இந்திராணி மேசையில் கிடந்த கட்டைகளில் ஒன்றை எடுத்துக் கையில் கனம் பார்த்தார். மெர்பாவ்தான். “இது கறையான் அரிக்காதுல்ல?” என்று மட்டும் கேட்டார். அரிக்காது என்றேன்.

கடையில் உங்களுக்கு யாரும் சொல்லித் தராத பகுதி இனிமேல்தான் வருகிறது.

மெர்பாவில் ஆணியோ திருகோ நேராக ஏறாது, மரம் பிளந்துவிடும். முதலில் மெல்லிய துளை போட வேண்டும். அந்தத் துளையைக் கண்ணாடி ஏற்றுவதற்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் அதிர்வில் மூலை இணைப்பு விரியும், கண்ணாடி ஓரம் தெறிக்கும், மரத்தூள் உள்ளே போய்ப் படத்தில் ஒட்டும். எனக்குத் தொழில் கற்றுத் தந்த சீனர் இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று நானே எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஆகவே சட்டகத்தின் நான்கு பக்கமும் தயாராகி, எண்ணெய் பூசும் முன்னால், கையில் டிரில்லோடு நின்றேன்.

கொக்கி கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு நாள் அந்தப் பெண் கொக்கி கேட்டு வந்தால்? அப்போது துளைத்து, கண்ணாடி உடைந்து, மணியத்தின் முகத்தின் மேல் விரிசல் விழுந்தால்? துளை போட்டு வைப்பதுதான் தொழில் தெரிந்தவன் செய்வது. ஆனால் துளை போட்டால், அந்த மனிதர் இறந்துவிட்டார் என்று நானும் சொன்னதாக ஆகாதா? வாயால் மறுத்துவிட்டுக் கையால் எழுதுவது போல ஆகாதா?

டிரில்லைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் இரண்டு துளை போட்டேன். இரண்டு மூலையிலும், வழக்கமான இடத்தில். தேன்மெழுகில் மெர்பாவ் தூளைக் குழைத்து இரண்டையும் அடைத்தேன். எண்ணெய் பூசியதும் தடம் தெரியவில்லை. விரலால் தடவினேன், விரலுக்கும் தெரியவில்லை. அப்படியும் மனம் ஆறவில்லை. படத்தை நானே கொண்டுபோய் வாசலுக்கு நேராக மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மறுத்ததற்கு ஒரு விலை இருந்தது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமைக் காரியம் நடக்கவில்லை. சிவலிங்கத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம் தள்ளிப் போனது. அந்தச் சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று நான் கவலைப்பட்டேன். கோயிலில் பார்த்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். காப்பிக் கடையில் யாரோ என்னை ‘நீர்நாய்க்காரர்’ என்று சொன்னது என் காதில் விழுந்தது. சரியாகத்தான் செய்தேன் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் தோன்றாது.

மறு ஆண்டு, மழை விட்ட சமயம். அதே வேன் கடை வாசலில் வந்து நின்றது. சிவலிங்கம் இறங்கவில்லை; வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இந்திராணி மட்டும் இறங்கி, கைலித் துணியில் சுற்றிய சட்டகத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துத் துணியைப் பிரித்தார்.

“ஆத்துக்குப் போயிருந்தேன்யா” என்றார். “நீர்நாய் திரும்ப வருதுன்னாங்க. குட்டி எல்லாம் இருக்குன்னாங்க. பம்பு வீட்டு வாசல்ல, அவரு நின்ன எடத்துலயே போய் நின்னேன். ஒண்ணு எழுந்து நின்னு பாத்துச்சு. அப்படியே, இந்தப் படத்துல பாக்குற மாதிரியே.”

கண்ணாடியில் ஒட்டியிருந்த கைலி நூல் ஒன்றை நான் எடுத்தேன்.

“என்னத்தான்யா பாத்துச்சு. அந்த எடத்துல நான்தான் நின்னேன். அவரு இல்ல.”

வெளியே வேனின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூடும் சத்தம்.

“கொக்கி போட்டுடுங்கய்யா” என்றார்.

நான் டிரில்லைத் தேடுவது போல எழுந்தேன். துளை ஏற்கெனவே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மேசையின் இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன்.

“டிரில்லு எதுக்குய்யா? ஓட்டதான் இருக்கே.”

நான் திரும்பவில்லை.

“மாட்டின வாரமே பாத்துட்டேன். மேல தூசி தொடச்சப்ப ரெண்டு எடத்துல துணி வழுக்குச்சு. ஹேர்பின்ன வச்சு நோண்டுனேன், மெழுகு வந்துச்சு.” சட்டகத்தின் மேல் விளிம்பைத் தொட்டார். “உங்க மேல எவ்ளோ கோவம் தெரியுமா? இந்தக் கெழவனும் அவரு செத்துட்டாருன்னுதான நெனைக்கிறான்னு. கழட்டிக் கொண்டு வந்து உங்க கடை வாசல்ல போட்டு ஒடைக்கணும்னு இருந்துச்சு.”

“மன்னிச்சிடும்மா.”

“ஏன்யா ஒடைக்கலன்னு கேளுங்க.”

“ஏம்மா?”

“மெழுக வச்சு மூடியிருந்தீங்கல்ல. அதான். நானும் நோண்டுனத திரும்ப அமுக்கி மூடிட்டேன். வெள்ளிக்கெழம தொடைக்கும்போதெல்லாம் கை அங்க போகும். இன்னிக்கு வேணாம்னு துணிய நகத்திடுவேன். இன்னிக்கு வேணாம். இன்னிக்கு வேணாம்.” அவர் கைலித் துணியை மடிக்க ஆரம்பித்தார். “அவங்க எல்லாம் எனக்குத் தேதி குடுத்தாங்கய்யா. நீங்க குடுக்கல.”

துளை போட்டது சரியா தவறா என்று நீங்கள் என்னைக் கேட்டால் இன்றும் என்னிடம் பதில் இல்லை. நான் நினைத்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார், அது அவரைப் புண்படுத்தியது, அது உண்மை. மெழுகு அவருக்கு உதவியது; அதுவும் உண்மை. உங்களுக்குச் சொல்ல முடிவது ஒன்றுதான். வெட்டும் முன்னால், படத்தில் இருப்பவை எந்தத் திசையில் பார்க்கின்றன என்று பாருங்கள். அந்தத் திசையில் கிடப்பது உரச்சாக்காகவே இருந்தாலும் சரி. அந்த உரச்சாக்கு யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது.

நான் பெட்டியிலிருந்து இரண்டு பித்தளைக் கொக்கியை எடுத்து மேசையில் வைத்தேன். இடப்பக்க மூலையின் மெழுகைக் கிளறி எடுத்தேன். இந்திராணி கையை நீட்டினார். கொக்கியைக் கொடுத்தேன். அவரே பொருத்தி, இரு விரலால் திருகினார். மரம் கீறவில்லை, கண்ணாடி அசையவில்லை. கொக்கிக்கு நேர் கீழே, பம்பு வீட்டு வாசலில், மணியம் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டாவது மூலைக்கு நகர்ந்தேன். அவர் என் கையைத் தடுத்தார்.

“ஒண்ணு போதும்யா. அவரு பக்கம் மட்டும். ஒரு சரம் மல்லிகப்பூ தொங்கவிட்டாப் போதும்.” வலப்பக்கம் இருந்த நீர்நாய்களைக் காட்டினார். “அதுங்க உசுரோடதான இருக்கு.”

மேசையில் மிஞ்சிய கொக்கியைப் பெட்டியில் திரும்பப் போட்டேன். கழுத்துத் தாலியை அவர் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, வேனிலிருந்து இறங்கி வந்து சட்டகத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்ட சிவலிங்கமும் பேசவில்லை. இரண்டு பேருமாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்தபோது படத்தின் மேல் விளிம்பில், வலது மூலையில், யாருக்கும் தெரியாமல் விரலை ஓட்டிப் பார்த்தேன். மெழுகு அப்படியே இருக்கிறது.